மழை ஜாக்கெட் ஏன் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்ததிலிருந்து கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மழையில் ஓட ஜாக்கெட் இருக்கா?" இந்த வருஷம் வாங்கி வைக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போன ஐப்பசியில் கொஞ்சம் விற்றோம். வாங்கியவர்கள் சிலர் திரும்பி வந்து, "உள்ளே தண்ணி வருது" என்றார்கள். ஒன்றை நானே மாட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடினேன். அன்றைக்கு மழையே இல்லை. ஆனாலும் சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. எல்லாம் என் வியர்வை! சென்னை மழை நடுங்க வைக்கிற மழை இல்லையே. மெல்லிய சட்டையில் நனைந்தபடி ஓடுவதுதான் சுகம். கண்ணில் தண்ணீர் இறங்காமலிருக்க முன்விளிம்பு வைத்த தொப்பி, போனுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், போதும். இடி இடித்தால் மட்டும் வீட்டில் இருங்கள்.

நம் ஊரில் ஓடுகிறவர்களை வெயிலைவிடப் புழுக்கம்தான் படுத்துகிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது சீக்கிரம் ஆவியாகாது. பருத்தி அத்தனையையும் குடித்துக்கொண்டு கனக்கும். ஒரு நாள் கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தோம். 180 கிராம் பருத்தி டி-ஷர்ட், 10 கிலோமீட்டர் ஓடி வந்ததும் 410 கிராம். மறுநாள் அதே தூரத்துக்குப் போட்ட பாலியெஸ்டர் 115-லிருந்து 190-க்குத்தான் போனது. கனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், உரசலைப் பொறுக்க முடியாது. ஈரத் துணி உரசி மார்புக் காம்பில் ரத்தம் வந்து, வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகளோடு கடைக்கு வந்தவர்கள் உண்டு. நெடுந்தூரம் ஓடும் நாளில் அங்கேயும் அக்குளிலும் தொடையிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

திருப்பூர் பருத்திச் சரக்கும் விற்றுக்கொண்டு பருத்தியைக் குறை சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். ஓடி முடித்துக் குளித்துவிட்டு, காபியோடு உட்காரப் பருத்திதான்.

துணி எடுக்கும்போது ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பது அது. 120 முதல் 140 வரை நமக்குச் சரி. உடம்பைப் பிடிக்காமல் கொஞ்சம் தொளதொளவென்று எடுங்கள், காற்று போய் வரட்டும். கத்திரி வெயிலுக்கு வெளிர் நிறம் நல்லதுதான். அதைவிட நல்லது ஆறரைக்குள் ஓடி முடிப்பது.

மார்கழியில் ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் ஸ்வெட்டரோடு ஓட வேண்டாம். மெல்லிய முழுக்கை, மேலே காற்றைத் தடுக்கும் லேசான ஜாக்கெட், கையுறை. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால், இரண்டாவது கிலோமீட்டரில் ஜாக்கெட் இடுப்புக்கு வந்துவிடும்.

அப்புறம், ஓடும் துணிக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். அது நூலில் படிந்துகொண்டால் துணி வியர்வையை இழுத்து வெளியே தள்ளாது. நாற்றம் போகாவிட்டால் அரை வாளித் தண்ணீரில் அரை கப் வினிகர் விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்துத் துவையுங்கள்.

போன வருஷம் மழை ஜாக்கெட் வாங்கியவர்கள் பில் இல்லாவிட்டாலும் கொண்டு வாருங்கள், வேறு துணி மாற்றித் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 7 மணிக்கே கடை திறந்திருக்கும். ஓடிவிட்டு அப்படியே வரலாம். போட்டுப் பார்ப்பதற்கு முன் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு மட்டும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்