பாராவிங் பழகலாம் வாங்க: ஜூலை 26, ஞாயிறு

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பேசிய பாராவிங் பயிற்சி முடிவாகிவிட்டது. காலை 6.30 மணி, நம் பள்ளி மைதானம், சேலம். முதலில் தரையில்தான். ஆடிக் காற்று நமக்கு நன்றாகவே உதவும்.

பாராவிங் என்பது பாராசூட் துணி போன்ற சிறிய இறக்கை. நூல்கள் ஒரு கைப்பிடியில் சேரும். கடலில் அது இழுக்க, ஃபாயில் பலகை (அடியில், தண்ணீருக்குள், விமானச் சிறகு போன்ற தகடு பொருத்திய பலகை) தண்ணீருக்கு மேலே எழும்பும். அலை கிடைத்ததும் இறக்கையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு அலையிலேயே போகலாம். எனக்குப் பிடித்ததே அதுதான்.

1. ஷூ, ஹெல்மெட் கட்டாயம்.
2. மோதிரம், வாட்ச் வேண்டாம். நூலை விரலில் சுற்றவே கூடாது, இழுத்தால் அறுத்துவிடும்.
3. எடைக்கு ஏற்றபடிதான் இறக்கை அளவு. பெயரோடு எடையும் அனுப்புங்கள்.
4. நீச்சல் தெரியுமா என்பதையும் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் மட்டும் அப்புறம் ராமேசுவரம் பக்கம் கடலுக்கு.

ஏற்காடு ஏரியிலேயே செய்யலாமே என்று சிலர் கேட்டீர்கள். மலை சூழ்ந்த இடத்தில் காற்று விட்டுவிட்டு வீசும், இறக்கை மடங்கி விழும். தண்ணீரில் பழகுபவர்களுக்குச் சீரான கடற்காற்று வேண்டும்.

வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள்.