பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைப்பாதை விபத்துச் செய்திகள் பலவும் 'பிரேக் பிடிக்காததால் கவிழ்ந்தது' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. ஏன் பிடிக்கவில்லை என்பதையும் எழுதினால் அடுத்து இறங்குகிறவருக்கு உதவும்.

ஊட்டி–மசினகுடி வழியிலுள்ள கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இவற்றில் நான்காவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், சக்கரத்திலுள்ள பிரேக் டிஸ்க்கின் சூடு, மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயிலுக்கு ஏறும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி; மிதித்தால் அந்தக் குமிழிதான் அமுங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மலைக்குக் கிளம்புமுன் டயரைப் பார்க்கிறவர்கள்கூட, ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்று பார்ப்பதில்லை.

'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது பழைய டிரைவர்கள் சொல்வது; குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய டர்போ கார்கள் மூன்றாவது கியரிலேயே அனாயாசமாக ஏறிவிடுவதால், இறங்கும்போது அதற்கும் ஒன்று குறைத்துக்கொள்வது நல்லது. ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'யில் விட்டுவிடாமல் 'எல்' (குறைந்த கியர்) அல்லது மேனுவலுக்கு மாற்ற வேண்டும். வளைவுக்கு முன்பே பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து உருட்டுவது அதைவிட மோசம்: இரண்டு மூன்று மிதிக்குள், மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் காலியாகி பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். மின்சாரக் காரை மலை உச்சியில் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால், வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பி வேகம் குறைக்கும் ரீஜென் பிரேக் சரியாக வேலை செய்யாது.

கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிவிடும், விரிசலும் விழலாம். (சக்கரத்துக்கு வைத்த கல்லை நடுரோட்டில் விட்டுப்போகிற புண்ணியவான்களுக்கும் ஒரு வார்த்தை: பின்னால் பைக்கில் ஆட்கள் வருகிறார்கள்.)

வாடகை ஸ்கூட்டர் விஷயம்தான் அதிகம் கவலை தருகிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்சிலரேட்டரை மூடி மெதுவாக இறங்கினால், எஞ்சின் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது; இரண்டு பேரின் எடையும் பிரேக் மேல்தான். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நின்று பிரேக்கை ஆறவிட வேண்டும். செங்குத்தான சரிவுக்குக் கியர் பைக்தான் ஏற்றது. சாவி கொடுக்கும்போதே கடைக்காரர்கள் இதைச் சொல்ல வேண்டும். 'இரண்டாவது கியரில் இறங்கவும்' பலகையைப் பாதி வழியில் நடாமல், இறக்கம் தொடங்குமிடத்திலேயே, வண்டி நின்று படிக்கிற சோதனைச் சாவடியில் வைக்க நெடுஞ்சாலைத் துறை முன்வருமா?

இப்படிக்கு,
வாகன மெக்கானிக், கோத்தகிரி