பற்பசை உறையில் இன்னும் ஓர் எண்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு,

வணக்கம். பற்பசை உறையில் விலை இருக்கிறது, எடை இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது, சைவமா அசைவமா என்று சொல்லும் புள்ளிகூட இருக்கிறது. அந்தப் பசை பல்லை எவ்வளவு தேய்க்கும் என்பது மட்டும் இல்லை. அதை அச்சிட உற்பத்தியாளர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டும் என்று ஒரு பல் மருத்துவராகக் கேட்டுக்கொள்கிறேன்.

அளவுகோலைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பசையின் தேய்ப்புத் திறனைச் சொல்லும் ஆர்டிஏ எண் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பதுதான். பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கை அணு உலையில் வைத்துக் கதிரியக்கமூட்டி, இயந்திர பிரஷால் தேய்த்து, எவ்வளவு கதிரியக்கப் பாஸ்பரஸ் கழன்று வந்தது என்று அளக்கிறார்கள். கால்சியம் பைரோபாஸ்பேட் தூளின் தேய்ப்பை 100 என்று கொண்டால், பற்பசைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 11609 250 வரை அனுமதிக்கிறது. எனாமலுக்கும் இதே முறையில் தனி எண் உண்டு. பற்பசைக்கான உங்கள் ஐஎஸ் 6356 தரத்திலோ, பசையைப் பிதுக்கி விரல் நுனியால் அழுத்திக் கூரிய துகள் தட்டுப்படுகிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனாமலில் கீறல் போடும் துகள் விரலுக்குத் தெரியாத அளவு நுண்மையாகவும் இருக்கலாம்.

எல்லாப் பற்பசையும் எனாமலைச் சுரண்டுகிறது என்ற பயமுறுத்தலில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் அதன் எண் 5. பசையில் சேர்க்கும் கால்சியம் கார்பனேட்டுக்கு அது 3தான். அது எனாமலை அவ்வளவாகத் தொடாது; டீக்கறையை எடுக்கும். படிகக்கல் 7, அலுமினா 9 என்று வரும்போது கதை வேறு. எலுமிச்சைச் சாறோ கோலாவோ குடித்த கையோடு தேய்ப்பவருக்கும் வேறு: அமிலத்தில் இளகிய மேற்பரப்பு சாதாரணப் பசைக்கே உதிரும். ஈறு இறங்கியவர்களுக்கு வெளியே தெரிவது எனாமலைவிட மிக மென்மையான பகுதி; அங்கேதான் பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவப் பள்ளம் விழுகிறது. எனாமலை உருவாக்கிய செல்களோ பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. போனது போனதுதான்.

கரிப் பசைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உமிக்கரியைப் பின்தங்கியது என்று பழித்துவிட்டு, இப்போது கரியைக் கறுப்புக் குழாயில் அடைத்து நான்கு மடங்கு விலைக்கு விற்கிறோம். உமி எரிந்து சாம்பலானால் மிஞ்சுவதில் பெரும்பகுதி சிலிக்காதான். எந்தச் சூட்டில் எரிந்தது, எவ்வளவு நைசாக அரைபட்டது என்பதைப் பொறுத்து அதன் முரட்டுத்தனம் மாறும். வீட்டுக் கரிக்கு எண் கேட்க முடியாது. கடைக் கரிக்குக் கேட்கலாம். முதல் வாரம் பல் வெளுத்தது போலத் தோன்றும், கறை போயிருக்கும். முரட்டுத் தூளால் மேற்பரப்பு சொரசொரப்பானால் அடுத்த கறை இன்னும் சுலபமாகப் பிடிக்கும். மேலும் தேய்த்தால் எனாமல் மெலிந்து உள்ளிருக்கும் டென்டினின் மஞ்சள் தெரியத் தொடங்கும். வெண்மைக்குக் காசு கொடுத்தவர் மஞ்சளை வாங்குகிறார்.

எங்கள் தொழிலும் விலக்கல்ல. பல் சுத்தம் செய்தபின் மெருகேற்றும்போது முரட்டுப் பசையில் தொடங்கி நைசான பசையில் முடிக்க வேண்டும். முந்தையது போட்ட கீறலை அடுத்தது அழிக்கும். அவசரத்தில் முதல் படியோடு நிறுத்தினால் பளபளப்பு இருக்கும், வழவழப்பு இருக்காது. சராசரி சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிப் படலம் கூடுதலாகச் சேர்கிறது. கறையே இல்லாத பல்லை வழக்கத்துக்காக மெருகேற்றுவதும் தேவையற்றது.

மக்களுக்கு எண் புரியாது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். குளிர்சாதனப் பெட்டியின் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து வாங்கும் மக்கள்தான் இவர்கள். பல் கூச்சம் உள்ளவர் குறைந்த எண்ணைத் தேடுவார், வெற்றிலைக் கறை உள்ளவர் கொஞ்சம் கூடுதலானதை எடுப்பார். அழுத்தித் தேய்க்கும் கையை அந்த எண் திருத்தாது என்பதும் உண்மை. அதைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை.

1992இல் பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை அரசு தடை செய்தது. பொடிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க முடியும் என்பதற்கு அதுவே முன்னுதாரணம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாதென்றால் பல்பொடியிலும் கரிப் பசையிலும் தொடங்குங்கள். சோதனைக்கூட எண் இல்லாமல் ‘வெண்மை’ என்ற சொல்லை உறையில் அச்சிட அவற்றை அனுமதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்