நமது ஊர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆச்சிமார்களே, பொதுக்குழுவுக்காகவே வெளியூரிலிருந்து வந்திருக்கும் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். ஊருணியின் வரத்துக் கால்வாய் மழைக்கு முன்பே தூர்வாரப்பட்டது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வழக்கம்போலப் பரிசுகள் கொடுத்தோம். வாசகசாலைக்கு மின்விசிறி மாற்றியாகிவிட்டது. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் முழுக்கப் போனது மருத்துவ மானியங்களின் பின்னால்தான். அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

போன பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். திருவிழாவை ஒட்டி ஆண்டுதோறும் நடத்தும் ஒருநாள் இலவச மருத்துவ முகாமை நிறுத்திவிட்டு, ஏழைகளின் மருத்துவத்துக்காக அரசாங்கம் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும் பணம் நம்ம ஊர்வரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பது என்று. சிலருக்கு அதில் வருத்தம். முகாம் என்றால் பந்தல் தெரியும், கூட்டம் தெரியும், கொடுத்தவர் பெயர் பலகையில் இருக்கும். ஆனால் முகாமில் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிப் பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்பிய ஆளுக்குப் பதினோராவது நாள் யார் கொடுப்பது? சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஆயுசு முழுக்கப் பார்க்க வேண்டிய நோய்கள். அதற்குத் தினமும் திறந்திருக்கிற ஓர் இடமும் மாதாமாதம் வருகிற மருந்தும் வேண்டும். அந்த இரண்டையும் அரசாங்கத்தால்தான் தர முடியும்.

பணம் எந்த வழியாக வருகிறது என்று பலர் கேட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005-இல் தொடங்கிய ஊரக சுகாதார இயக்கம், இப்போது தேசிய நலவாழ்வுக் குழுமமாக நடக்கிறது. அதில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அங்கேயே முடிவு செய்து செலவழிக்கிற நிதியாக ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் வரை வரும். நலவாழ்வு மையமாகத் தரம் உயர்த்தப்பட்ட துணை சுகாதார நிலையத்துக்கு 50,000 ரூபாய் வரை. ஊராட்சியில் இருக்கும் கிராம சுகாதாரக் குழுவுக்குத் தனியாக 10,000 ரூபாய். இவையெல்லாம் அன்றாடச் செலவுக்கு. கட்டடத்துக்கும் பரிசோதனைக் கருவிகளுக்கும் 15-ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாகக் கொடுக்கச் சொன்ன சுகாதார மானியம் இருக்கிறது. நாடு முழுமைக்கும் 70,051 கோடி ரூபாய், அதில் கிராமப் பகுதிகளுக்கு 43,928 கோடி. சொந்தக் கட்டடம் இல்லாத துணை சுகாதார நிலையங்களுக்குக் கட்டடம் கட்டுவதும் அதில் ஒரு பகுதி. ஆனால் அந்த மானியத்தின் காலம் 2021-22-இல் தொடங்கி 2025-26-உடன் முடிகிறது. நான் அவசரப்படுவதற்குக் காரணம் அதுதான்.

நம்ம துணை சுகாதார நிலையம் எங்கே நடக்கிறது என்று வெளியூர் உறுப்பினர்கள் சிலருக்குத் தெரிந்திருக்காது. வடக்குத் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முன்பகுதியை அந்தக் குடும்பத்தார் வாடகை வாங்காமல் விட்டிருக்கிறார்கள். பெரிய மனசு. ஆனால் அது கல்யாணமும் அறுபதாம் கல்யாணச் சாந்தியும் நடத்தக் கட்டின வீடு. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற உயர உயரமான கல்படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி சுவரில் கையை ஊன்றி ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்தேன். உள்ளே பட்டாலையில், அதாவது கூடத்தில், தூணோரம் ஒரு மேஜை, அதுதான் படுக்க வைத்துப் பார்க்கிற இடம். மறைப்புக்கு ஒரு பழைய சேலை. தண்ணீர்க் குழாய் இரண்டாம் கட்டில். ஊசி போடுகிற நர்ஸம்மா கை கழுவ வளவை, அதாவது திறந்த உள்முற்றத்தை, கடந்து போய் வருகிறார். மழை பெய்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். இந்த நிலையிலும் தடுப்பூசி நாளன்று ஒரு பிள்ளைகூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறார். அவருக்குச் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

புதுக் கட்டடம் கேட்டு மனு கொடுத்தோம். பதில் சாதகமாகத்தான் இருந்தது. ஆனால் மானியம் கட்டடத்துக்குத்தான், இடத்துக்கு இல்லை. இடம் அரசாங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஊருணிக்குத் தெற்கே உள்ள காலி மனை எல்லாருக்கும் தெரியும். ரோட்டை ஒட்டியது, மேடானது, காலனியிலிருந்தும் நடந்து வரலாம், பஸ்ஸும் நிற்கும். கொடுக்க அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. சிக்கல் அங்கே இல்லை. மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்காத சொத்து. பட்டா இன்னும் கொள்ளுத் தாத்தா பெயரில். பங்காளிகள் சென்னையில், கோலாலம்பூரில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். ஒவ்வொரு கிளைக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அதன் மேல் எல்லாருடைய கையெழுத்து.

செட்டிநாட்டில் எந்த ஊரில் எந்தப் பொதுக் காரியத்துக்கு இடம் எடுத்தாலும் இதே கதைதான். நம் முன்னோர்கள் ஊருணி வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், எழுதிக் கொடுக்க ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. இன்று அதே மனம் இருந்தும் பத்திரம் நகர மாட்டேன் என்கிறது. ஆகவே நம்ம வக்கீலைக் கேட்டு ஒரே மாதிரியான பவர் பத்திரம் தயார் செய்து எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பினோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சி வாங்கி அனுப்பலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். எனவே கையில் கொண்டுவந்து பீரோவில் வைத்துவிடாதீர்கள், வந்த அன்றே சங்கத்தில் கொடுங்கள். மலேசியாவில் உள்ள இரண்டு குடும்பங்களின் பவர் மட்டும்தான் இப்போது பாக்கி.

கிராம சுகாதாரக் குழுவின் 10,000 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் அது ஊரே முடிவு செய்து செலவழிக்கக்கூடிய பணம் என்பதால் அதை நான் பெரிதாக நினைக்கிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம், படித்தார்கள். அதை டெங்கு தடுப்புக்கே முழுக்கச் செலவிடுவது என்று அங்கேயே தீர்மானமானது. இங்கே டெங்கு கொசு எங்கே உற்பத்தியாகிறது என்று பார்த்தால் மனசு கனக்கிறது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் வளவில்தான். நல்ல தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் ஏடிஸ் முட்டையிடும். வானம் பார்த்த முற்றத்தில் கல்தொட்டி, கவிழ்க்காமல் விட்ட அண்டா, ஆட்டுக்கல்லின் குழி. கொசு ஒழிப்புக்கு வரும் மஸ்தூர்கள் வாசல்வரை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பக்கத்துக் குடிசையில் இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.

இந்த ஆண்டு வீட்டுக் காவல்காரர்களிடம் சாவி வாங்கி, சங்க ஆள் ஒருவர் கூடவே நின்று, வீடு வீடாகத் திறந்து தொட்டிகளைக் கவிழ்த்தோம். ஒரு பொருளும் இடம் மாறவில்லை என்பதை இந்தச் சபையில் உறுதியாகச் சொல்கிறேன். இன்னும் சில வீடுகளின் சாவி ஊரிலேயே இல்லை. வந்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு சாவியைச் சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

2025 ஜனவரி 5-உடன் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். சுகாதாரக் குழுக் கணக்கில் தலைவரும் கிராம செவிலியரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். கையெழுத்து மாறும்வரை பணம் எடுக்க முடியவில்லை. பிளீச்சிங் பவுடருக்குக் கடைக்காரர் கடன் கொடுத்ததால் சமாளித்தோம். அவருக்கு அப்புறம் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்து மகப்பேறு நிதி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கிய உதவி இன்று 18,000. அதில் 14,000 ரொக்கம், மீதி 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். அந்த அம்மையார் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 19 வயது நிறைந்த ஏழைத் தாய்மாருக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு இது உண்டு. 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, அதற்குத் தரும் பிக்மி எண்ணை வாங்கிவிட வேண்டும். நம்ம ஊரில் பணம் வராமல் நின்ற பெண்களின் காகிதங்களை எடுத்துப் பார்த்தபோது காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு பெயர். அல்லது நூறு நாள் வேலைக்காக எப்போதோ ஆரம்பித்து, இப்போது முடங்கிக் கிடக்கிற கணக்கு. இன்னும் சிலர் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வேறு மாவட்டம் போனவர்கள், அங்கே பதிவு தொடரவில்லை. நம்ம மகளிர் குழுப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது வங்கிக்குக் கூடவே போய் இதைச் சரிசெய்து தருகிறார்கள். ஒரு பெண்ணுக்கு நின்றுபோன தவணை, குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு வந்தது. வயிற்றில் இருக்கும்போது முட்டை வாங்கித் தின்ன வேண்டிய பணம் அது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், அப்புறம் அட்டைக்குச் சிவகங்கை கலெக்டர் ஆபீஸ். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலி போய்விடும். ஓர் அலுவலகத்தில் ரேஷன் கார்டு நகலில் எழுத்து தெளிவாக இல்லை என்று ஒரு விதவைப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார்கள். அசல் கார்டு அவர் கையிலேயே இருந்தது. அன்றிலிருந்து காகிதங்களை நாங்களே சரிபார்த்து, வேன் வைத்து, சங்க ஆள் ஒருவரையும் கூட அனுப்புகிறோம்.

சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. நம்ம ஊரில் தன்னார்வலர் ஒழுங்காக வருகிறார். அவரோடு ஒருநாள் கீழத்தெருவுக்குப் போனேன். கல்யாண வீடுகளில் சமையல் மேல்வேலைக்குப் போய் வந்த ஓர் அப்பத்தா, மாத்திரையை வெற்றிலைப் பெட்டியில் பாதி பாதியாக உடைத்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “முழுசாப் போட்டா மாசம் முடியறதுக்குள்ள தீந்துருமேப்பா” என்றார். கடையில் காசு கொடுத்து வாங்கிய காலத்துப் பழக்கம், அரசாங்கம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும்போதும் போகவில்லை. தன்னார்வலர் பெட்டியைக் காலி செய்து, முழு மாத்திரைகளை அட்டையோடு வைத்து, காலைக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று கரியால் சுவரில் கோடு போட்டுக் காட்டினார். பிறகு அளந்தபோது கொதிப்பு இறங்கியிருந்தது. மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதோடு அதை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதும் வேலைதான். அந்த வேலைக்குச் சங்கத்தின் இளைஞர்கள் நேரம் கொடுக்க வேண்டும்.

இன்னும் கைவைக்காத இடம், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைகள். கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, சிமெண்டை அள்ளிப் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி எடுக்கிறவர்களின் விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. பட்டறை நேரமும் சுகாதார நிலைய நேரமும் ஒன்றுதான். ஒருநாள் போய்க் காட்டினால் ஒருநாள் கூலி இல்லை. வேலை நடக்கிற இடத்துக்கே வந்து பார்க்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவத் திட்டத்தைப் பட்டறைகளுக்கும் கேட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுதியிருக்கிறோம். பட்டறைக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அரை மணி நேரம் வேலையை நிறுத்த ஒப்புக்கொண்ட அவர்களுக்கும் நன்றி.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியான பிறகு, நம்மையும் சேர்த்துவிடுவார்களா என்று பலர் கேட்கிறார்கள். நாம் ஊராட்சியாகத்தான் இருக்கிறோம். சேர்ந்தால் மருத்துவ மானியம் நகர்ப்புறக் கணக்கில் வரும், ஆனால் நூறு நாள் வேலை போய்விடும். அது வேறு விவாதம், தனியாகக் கூடிப் பேசலாம்.

கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாமுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த தொகையைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதி இரண்டு பங்கை அரசாங்கம் போடும். புதுக் கட்டடம் வந்தால் சுற்றுச்சுவரும் சாய்தளமும் அந்த வழியில் செய்யலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பலகையில் பெயர் போடுவதற்குத் தடையில்லை.

வரும் ஆண்டுச் செயற்குழுவைத் தேர்ந்தெடுத்த பிறகு, சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய பட்டியலில் கையெழுத்திடாமல் யாரும் சாப்பாட்டுக்குப் போய்விட வேண்டாம். மனைக்குரிய குடும்பத்தார் மட்டும் சாப்பிட்டதும் வாசகசாலைக்கு வந்துவிடுங்கள். வக்கீல் மூன்று மணிக்குக் காகிதங்களோடு இருப்பார், ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்