எத்தனை மணி நேரம் என்று மட்டும் போட்டால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பக்கத்தில் சட்டைப்பையில் வைக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்கள் (செல்போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகி ஒலியைப் பெருக்கும் சின்னப் பெட்டிகள்) பற்றி வந்ததைப் படித்தேன். சத்தம், வடிவம், விலை எல்லாம் இருந்தது. பேட்டரி என்று வரும்போது மட்டும் அட்டைப்பெட்டியில் போட்டிருந்த மணிக்கணக்கை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டீர்கள். எந்த ஹெட்போன், எவ்வளவு சத்தம் என்று சொல்லாமல் பத்து மணி நேரம் என்றால் என்ன அர்த்தம்? சேலம் ஐந்து ரோட்டில் ஓடும்போது பைக் கொடுக்கிற மைலேஜ், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு வரும்போது கிடைக்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதுவும் அப்படித்தான்.

எனக்கு இதில் அக்கறை வந்தது அப்பாவால். அத்தை மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அவருக்கு மின்தடை அதிகமுள்ள 300 ஓம் ஹெட்போன் ஒன்று கொடுத்தான். அதைச் செல்போனில் செருகினால் காருகுறிச்சியார் நாகஸ்வரம் பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து கேட்பது போலத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த ஹெட்போனுக்கு வேண்டிய வோல்ட்டேஜை போன் கொடுக்காது. சரி, நாமே ஒன்று செய்துவிடலாம் என்று அமெரிக்காவில் சூ மோய் என்பவர் 1990களின் பின்பகுதியில் வெளியிட்ட சர்க்யூட்டை எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆம்ப்ளிஃபையர் உள்ள ஒரே ஒரு ஐசி (சில்லு), கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். அந்த நாட்டில் இதைப் பெப்பர்மின்ட் மிட்டாய் டப்பாவில் அடக்குவார்கள், நான் தம்பி மகளின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் அடக்கினேன். தகர டப்பாவில் ஒரு நன்மை உண்டு. வெறும் போர்டாக வைத்தால் பக்கத்தில் செல்போன் இருக்கும்போது டிர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும், தகரத்துக்குள் போனதும் அது அடங்கிவிட்டது. ஆனால் ஜாக்கின் உலோகமும் பேட்டரியின் நெகட்டிவும் சேர்ந்து தகரத்தில் படக்கூடாது, பட்டால் ஷார்ட்தான், ஏனென்றால் இந்தச் சர்க்யூட்டில் ஹெட்போனின் கிரவுண்ட் என்பது பேட்டரியின் நெகட்டிவ் கிடையாது, 9 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் பாதியாகப் பிரிக்கிற நடுப்புள்ளி.

அப்பா தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் கேட்பார். பேட்டரி மாற்றுகிற தேதியை டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் எழுதி வைப்பார், எஸ்டேட்டில் கணக்கெழுதியவரின் பழக்கம். மூன்று தடவை பார்த்தேன், ஒவ்வொன்றும் 25 நாள் பக்கம்தான் வந்தது. ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும், அதாவது ஒரு மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் 500 மணி நேரம் வரும் அளவு. நான் போட்ட ஓபிஏ2134 ஐசி சத்தமே இல்லாதபோதும் 8 மில்லி ஆம்பியர் எடுக்கும். அப்படியானால் இன்னும் நிறைய நாள் வரவேண்டும், மிச்சம் எங்கே போகிறது? மீட்டர் வைத்துப் பார்த்தால், செட் ஓடுகிறது என்று காட்டுவதற்காகப் போட்ட சின்னச் சிவப்பு எல்இடி! அதற்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன், அது மட்டுமே 7 மில்லி ஆம்பியர் குடித்தது, பாட்டு வாசிக்கிற ஐசிக்குக் கிட்டத்தட்ட சமமாக. 10 கிலோ ஓம் மாற்றியதும் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது, வெளிச்சம் மங்கினாலும் ராத்திரியில் தாராளமாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு மூடியில் இருக்கும் இடைவெளிகள் 38 நாள், 40 நாள். சில பைசா பெறாத ஒரு ரெசிஸ்டர். பேட்டரி எவ்வளவு நாள் வரும் என்பது பேட்டரியில் மட்டும் இல்லை, சர்க்யூட்டை வரைகிறவர் கையில்தான் பாதி இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கிடையில் எனக்கென்று கடையில் ஒன்று வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். அழகான அலுமினிய உடம்பு, உள்ளே தட்டையான லித்தியம் பேட்டரி, பசை போட்டு ஒட்டியது. ஒன்றரை வருடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. சர்வீஸில் கேட்டால் பேட்டரி தனியாக வராது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு குறையும் இல்லை, அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

லித்தியம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. டார்ச்சில் போடும் 18650 செல் ஒன்று 2,500 மில்லி ஆம்பியர் மணி இருந்தாலே, 9 வோல்ட் பேட்டரியைப் போல இரண்டு மடங்கு சக்தி வைத்திருக்கும். (9,800 என்று அச்சடித்து விற்பதை நம்பாதீர்கள், பெயர் பெற்ற கம்பெனி செல்களே பெரும்பாலும் 3,500 வரைதான்.) ஆனால் அது 3.7 வோல்ட், என் ஐசிக்குக் குறைந்தது 5 வேண்டும். அதனால் இரண்டு செல்லைத் தொடராகப் போடவேண்டும், இல்லையென்றால் வோல்ட்டேஜை ஏற்றும் சர்க்யூட் வேண்டும், அதைச் சரியாக வடிகட்டாவிட்டால் பாட்டின் அமைதியான இடத்தில் பின்னால் ஒரு இரைச்சல் கேட்கும். அப்புறம் லித்தியத்துக்கு ஆகாதது வெயில். சேலத்தில் சித்திரை மாதம் பூட்டிய அறையில் ராத்திரி முழுக்க சார்ஜரில் தொங்கவிட்டால், முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்து அதன் ஆயுளைத் தின்றுவிடும். மலையில் இருக்கிற எங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ரொம்ப நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது.

பசையைத்தான் ஏற்க முடியவில்லை. பெயர் வெளியிடாத ஒருவர் 2011இல் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார், அதில் இரண்டு 9 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி, தீர்ந்துபோனால் நாமே மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரியிலிருந்து இந்த மாதிரிச் சின்னச் சாமான்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடியவேண்டும். அங்கே விற்க அப்படிச் செய்யப் போகிறவர்கள் இங்கே மட்டும் ஏன் ஒட்டித் தரவேண்டும்?

அடுத்த முறை எழுதும்போது மூன்று விஷயம் கேட்டுப் போடுங்கள்: எத்தனை ஓம் ஹெட்போனில் அந்த மணிக்கணக்கு வந்தது, சும்மா இருக்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கிறது, பேட்டரியை நாமே மாற்றலாமா. இரண்டாவதை 9 வோல்ட் செட்டில் உங்கள் நிருபரே பார்த்துவிடலாம். பேட்டரியின் ஒரு முனையை மட்டும் கிளிப்பிலிருந்து விலக்கி, மில்லி ஆம்பியரில் வைத்த மீட்டரை அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் தொடவேண்டும், அவ்வளவுதான். மீட்டர் இல்லையென்றால் சொல்லுங்கள், வியாழக்கிழமைதோறும் சேலம் வருகிறேன், கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகலூர், ஏற்காடு