எந்த மரம் என்று எழுது

உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பைனாகுலர் கிடைத்தது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் உன் பெரியம்மா சிரிக்கிறா. "இந்த வெயிலில் பற்றைக்குள் என்னம்மா வேலை?" என்று நீயும் கேட்டாய். போனில் சொன்னால் அரைவாசியில் "சரி சரி" என்பாய். அதனால்தான் கடிதம்.

வைரவர் கோயிலுக்குப் பின்னால் உள்ள காடு ஞாபகம்தானே? பாலை, வீரை, விளா, நடுவில் அந்தப் பெரிய மருது. 2022இல் காஸ் இல்லாமல் ஊரே விறகுக்கு அலைந்தபோது அதன் கிழக்குப் பக்கம் மொட்டையாகிவிட்டது. நாங்களும் இரண்டு கட்டு எடுத்தோம், பொய் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகுதான் எட்டுப் பேர் சேர்ந்து சனிக்கிழமைகளில் வெள்ளனவே போகத் தொடங்கினோம். அடிக்கட்டையில் துளிர்த்ததை ஆடு கடிக்காமல் முள் அடைக்கிறோம். தானாகப் பரவி மற்ற மரங்களை அமுக்கும் இபில் இபில் மரக் கன்றுகளைப் பிடுங்குகிறோம். ஒரே பாதையில் நடந்து, கண்டதைக் கொப்பியில் எழுதுகிறோம். காணாததையும் எழுத வேண்டும். ஆறுமணிக் குருவி மாரி தொடங்கும் காலத்தில் இந்தியாவிலிருந்து வரும். அதற்கு முன் வாராவாரம் "இல்லை" என்று எழுதியிருந்தால்தான் அது எப்போது வந்தது என்று சொல்லலாம். பெடியளுக்கு இது விளங்க நாளெடுத்தது.

போன வருடம் நான் ஒரு பிழை விட்டேன். பட்டுப்போன பாலை ஒன்று ஆர் தலையிலாவது விழும் என்று பயந்து, தறிக்கச் சொன்னது நான்தான். விழுந்த மரத்தின் பொந்துக்குள் மூன்று கிளிக்குஞ்சுகள். இறகில்லை, கண் திறக்கவில்லை. ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. பின்னேரத்துக்குள் மூன்றும் முடிந்தன. மரங்கொத்தி குடைந்த பொந்தில் பிறகு கிளியும் மைனாவும் குடியிருக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும், தம்பி. அன்றைய பக்கத்தில் அதையும் எழுதினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இரவில் போனோம். பிராணிகளுக்குக் கண் கூசாமல் ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினோம். மருதில் இரண்டு தணல். அசையவில்லை. அப்புறம் ஒரு கை, கிழவி இருட்டில் ஊன்றுகோலைத் தடவுகிற மாதிரி, பக்கத்துக் கொடியைப் பிடித்தது. தேவாங்கு! திருகோணமலைக் கோட்டைக்குள் புள்ளிமானை ஆரும் எண்ணலாம், ரோட்டிலேயே படுத்திருக்கும். இது அப்படியா? தேவாங்கு பாயாது. கொப்பும் கொடியும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அடுத்த மரத்துக்குப் போகும். கொடியெல்லாம் வெட்டித் துப்புரவாக்குவோம் என்று நின்ற பெடியள் அன்றைக்கு மூச்சுவிடவில்லை.

படத்தை ஐநேச்சுரலிஸ்டில், கண்ட உயிரினங்களைப் பதிகிற இணையத்தளத்தில், ஏற்றினோம். இடத்தைச் சரியாகக் காட்டாமல் மறைத்துத்தான் போட்டோம். பிடிக்க வருகிறவனுக்கு நாங்களே வழி காட்டக் கூடாதே.

எங்கள் கொப்பிக்கு இரண்டு மூன்று வயதுதான். அதற்கு முன் இங்கே தேவாங்கு நின்றதா என்றால் எழுத்தில் ஒன்றுமில்லை. நீ ஒருநாள் கோயிலிலிருந்து இருட்டில் ஓடி வந்து, "அம்மா, பெரிய கண்ணோட ஒரு குட்டிக் குரங்கு" என்றாய். நான் அடுப்படியில் நின்றேன், நம்பவில்லை.

எந்த மரம்? அப்போது நீ எத்தனையாம் வகுப்பு? மழைக்காலமா? "சின்ன வயதில்" என்று மட்டும் எழுதாதே, அதைக் கொப்பியில் ஏற்ற முடியாது. ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்று எழுது.

அன்புடன்,
அம்மா