இரண்டாவதாக வந்த யோசனை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி விட்டதில் சந்தோஷம். எனக்குக் கண்ணாடி பவர் கூடியதுதான் புது விசேஷம்.

உன் மகள் டேபிள் டென்னிஸ் இறுதிப் போட்டியில் தோற்ற வீடியோவை நாலு தடவை பார்த்தேன். கடைசி கேம், 9-9. எதிராளி பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். உன் மகளின் மட்டை அடிக்கத்தான் பின்னால் போகிறது. போன கை பாதியில் நின்று, பந்தை மெல்லத் தள்ளுகிறது. பந்து வலையில். முதலில் வந்த முடிவு சரிதான்டா. அதன் தலையில் இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

2003இல் ஜான்சன், ராப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹேண்ட்பால் ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டத்தின் வீடியோவைப் பாதியில் நிறுத்தி, 'பந்து உன் கையில் இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்டார்கள். சட்டென்று தோன்றியதை முதலில் சொல்ல வேண்டும், அப்புறம் தோன்றுவதையெல்லாம் அடுக்கலாம். அடுக்க அடுக்க யோசனைகளின் தரம் இறங்கியது.

அதற்காக 'யோசிக்காதே' என்று அவளிடம் போய்ச் சொல்லாதே. அது அவள் தலையில் இன்னொரு யோசனையாகப் போய்ச் சேரும்! சியான் பெய்லாக் என்ற உளவியலாளரின் குழுவினர் 2002இல் கால்பந்தில் பார்த்தது இன்னும் சுவாரஸ்யம். பந்தைக் கூம்புகளுக்கு நடுவே உருட்டிப் போகும்போது, பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். தேர்ந்தவர்களின் வலது கால் தடுமாறியது. அவ்வளவாகப் பழகாத இடது காலுக்கோ அதே கவனிப்பு உதவியது. ஆக, அவள் புதிதாகப் பழகும் சர்வீஸுக்கு, கவனித்து ஆடச் சொல்லும் உன் பாடம் நல்லது. பத்து வருஷமாக அடிக்கும் ஃபோர்ஹேண்டை விட்டுவிடு. யோசிப்பதெல்லாம் இரண்டு பாயின்ட்டுக்கு நடுவே, துண்டால் முகம் துடைக்கும்போது நடக்கட்டும்.

1993 விம்பிள்டன் இறுதிப் போட்டியைச் சேர்ந்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 முன்னிலை, அந்த கேமிலும் 40-30. அங்கே இரண்டு சர்வீஸும் தவறி ஒரு டபுள் ஃபால்ட். அதற்கப்புறம் ஸ்டெஃபி கிராஃப் ஒரு கேம்கூட விடவில்லை. நோவோட்னா மனதில் என்ன ஓடியதோ, நமக்குத் தெரியாது. 1998இல் அதே கோப்பையை வாங்கினாரே, மகளிடம் அதையும் சேர்த்துச் சொல்.

அடுத்த போட்டியில் நீ ஆறாவது வரிசைக்குப் பின்னால் உட்கார். வீடியோவில் அவள் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் திரும்பி உன் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன் பழைய டபுள்ஸ் கூட்டாளி